முக்கால் கிலோவில் ஓர் இரவு: மலையில் இருட்டிவிட்டால் அமைக்கும் அவசரக் கூரை

தேனி, நீலகிரி, கோவைப் பக்கத்து மலைகளில் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடைக்குக் கூடாரம் சுமந்து செல்பவர் எவருமில்லை. அது தேவையும் இல்லை. ஆனால் கணுக்கால் பிசகுவதும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கித் தடத்தை மறைப்பதும், காலையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடுவதும் கூடாரமில்லாத அந்த ஒருநாள் நடையில்தான் நேர்கின்றன. பல நாள் பயணம் போகிறவர் இரவுக்கு ஆயத்தமாகவே போகிறார். ஒருநாள் நடைக்காரரிடம் இருப்பது தண்ணீர்ப் பாட்டில், புளிசாதப் பொட்டலம், அலைபேசி, வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை, இவ்வளவுதான். அவருக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

முதலில் குளிரின் கணக்கைப் பார்த்துவிடலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்து ஊரில் இரவு 25 டிகிரி என்றால், 2,000 மீட்டர் உயரத்தில் 12 டிகிரி அளவில் இருக்கும். 12 டிகிரி என்பது உலர்ந்த உடையோடும் கம்பளியோடும் இருப்பவருக்கு இதமான குளிர்; நனைந்த உடையோடு காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. உடலின் உட்புற வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதனைக் குளிர் விறைப்பு என்கிறோம். அதற்குப் பனிக்கட்டி உறையும் குளிர் வேண்டியதில்லை; மழையும் காற்றும் பசியும் களைப்பும் சேர்ந்தால் பத்து டிகிரியிலும் அது வரும். டிசம்பர் மாதத்தில் நம் ஊரில் இரவின் நீளம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

அவசரத் தங்குமிடம் என்றவுடன் எல்லோரும் கூரையைத்தான் நினைக்கிறார்கள். மழை பெய்யாத இரவில் கூரையைவிடத் தரைதான் பெரிய பகை என்பது என் கருத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், போடிக்கு மேலே உள்ள சரிவில் நாங்கள் மூவர் இறங்கிக்கொண்டிருந்தபோது மூட்டத்தில் தடம் தவறி, இருட்டிய பிறகு ஒரு பாறையின் மறைவில் தங்க நேர்ந்தது. எங்களிடம் ஒரு சிறு தார்ப்பாயும், பளபளப்பான அலுமினியத் தாள் போர்வை ஒன்றும் இருந்தன. நண்பர் ஒருவர் அந்தத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து, மீதியை மேலே மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் இடம் போதாமல் முதுகுப்பைகளின்மேல் குந்தியபடி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டோம். நள்ளிரவு தாண்டியபோது பற்கள் அடித்துக்கொண்டது வசதியாகப் படுத்திருந்தவருக்குத்தான். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தாள், தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது எதையும் திருப்பியனுப்புவதில்லை. காகிதத்தைவிட மெல்லிய அந்தப் படலத்தின் வழியே உடம்புச் சூடு நேராக ஈரமண்ணுக்குப் போய்விடுகிறது. பிறகு டார்ச் வெளிச்சத்தில் சருகு பொறுக்கி முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அவரை அதன்மேல் உட்கார வைத்தோம். அரை மணி நேரத்தில் அவருடைய பேச்சு தெளிந்தது.

பையில் இருக்க வேண்டியவை

நான் எப்போதும் கொண்டுபோகும் பொட்டலம் முக்கால் கிலோவைத் தாண்டாது; அதில் பாதிக்கும் மேல் உரக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பவை.

கூரைக்கு 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள தாள் ஒன்று போதும். கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாயை வாங்குவதானால் அதன் ஜி.எஸ்.எம். எண்ணைக் கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அந்த எண். 90 ஜி.எஸ்.எம். தார்ப்பாயில் ஆறு சதுர மீட்டர் என்றால் 540 கிராம். கட்டட வேலைக்கு விரிக்கும் பாலித்தீன் தாளில் 50 மைக்ரான் தடிமன் உள்ளதை வாங்கினால், அதே அளவு ஏறத்தாழ 280 கிராம்தான் வரும். சில கடைகளில் மைக்ரானுக்குப் பதிலாக கேஜ் கணக்கில் சொல்வார்கள்; 200 கேஜ் என்பது 50 மைக்ரான். பாலித்தீன் எளிதில் கிழியும். ஆனால் ஓர் இரவைத் தாங்கும். சிலிக்கோன் பூசிய நைலான் விரிப்பு இரண்டையும்விட நல்லது, விலைதான் பல மடங்கு. அடிக்கடி மலையேறுகிறவர் அதை வாங்கலாம்; ஆண்டுக்கு இருமுறை போகிறவருக்குப் பாலித்தீனே போதும். பச்சையோ நீலமோ கறுப்போ வாங்காமல் ஆரஞ்சு அல்லது மஞ்சள் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். தேடி வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டிய பொருள் அது.

அடுத்ததாக இரண்டு காலி உரச் சாக்குகள், நன்றாகக் கழுவி உலர்த்தியவை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். பிளாஸ்டிக் இழையால் நெய்த அந்தச் சாக்கு நூறு கிராம் அளவே எடை கொண்டது. சருகை அடைத்தால் மெத்தை. இரண்டையும் நீளவாக்கில் போட்டால் ஓர் ஆள் உயரம் வருகிறது. மழையில் நனைந்த கால்களை உள்ளே விட்டுக்கொண்டால் இடுப்பு வரை காற்றுத் தடுப்பு. வெளிநாட்டு நடைக்காரர்கள் பெரிய தொகை கொடுத்து வாங்கும் காற்றடைத்த மெத்தை செய்யும் வேலையில் பாதியை இது செய்துவிடும். முள் குத்தினாலும் கவலையில்லை.

இவற்றோடு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு பத்து மீட்டர், அலுமினியத் தாள் போர்வை ஒன்று, பந்து உள்ளே இல்லாத பிளாஸ்டிக் விசில் ஒன்று, நெற்றியில் மாட்டும் டார்ச், குரங்குக் குல்லா, நன்றாக முடிச்சிட்ட பாலித்தீன் பைக்குள் ஓர் உலர்ந்த பனியனும் ஒரு ஜோடி காலுறையும். குல்லாவையும் பனியனையும் மழையங்கியைவிட மேலாகவே மதிக்கிறேன். கடலை மிட்டாய் நான்கைந்து. வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக் பொருள்களைப் பார்ப்பார்கள். பாலித்தீன் தாளை எடுத்துக் காட்டி, எதற்கென்று சொல்லி, திரும்பும்போதும் அதைக் காட்டிவிட்டு வருவது முறை.

எப்போது நிற்பது

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் சாலை வந்துவிடும் என்ற எண்ணம் கடைசி வெளிச்சத்தையும் தின்றுவிடுகிறது. கூரை கட்டவும் சருகு சேர்க்கவும் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஆகும். இருட்டில் அதே வேலைக்கு மூன்று மணி நேரமும் போதாது, பாதிச் சருகு முள்ளாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் சூரியன் மறைவது பருவத்தைப் பொறுத்து மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பிருந்து ஆறே முக்கால் வரை. ஆனால் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பவருக்கு மலையே வெயிலை முன்னதாக மறைத்துவிடும். சோலைக்காட்டுக்குள் ஐந்தரைக்கே தரை தெரியாது. ஆகவே வழி தெரியாமலோ, நடக்க முடியாமலோ மாலை நான்கரை மணியைத் தொட்டுவிட்டால், அன்றைய நடை முடிந்தது என்று முடிவெடுத்து இடம் பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு யாராவது வந்து சேர்ந்தால் நல்லது. கட்டிய கூரையை அவிழ்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

நின்றவுடன் அலைபேசியில் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துப் பார்க்க வேண்டும். நம் சிம் கார்டின் நிறுவனத்துக்கு அங்கே சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும். பேச முடியாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் தப்பிச் சென்றுவிடும். இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு அனுப்பிவிட்டு, அலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும். அரசு 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் வழித்தடங்களில் முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு என்பதால், ஆள் திரும்பவில்லை என்பது யாருக்காவது தெரியவரும். அனுமதியின்றி வேறு தடத்தில் நுழைந்தவரைத் தேட வேண்டும் என்பதே எவருக்கும் தெரியாது. வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான் அவருக்குத் துணை.

இடம் பார்ப்பது

முகடு காற்றுக்கு உரியது, பள்ளம் தண்ணீருக்கும் குளிருக்கும் உரியது. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவில், காற்று வீசும் திசைக்கு மறுபக்கத்தில் இடம் தேட வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதால், ஓடையோரத்துச் சமதளத்தைவிட அதற்கு முப்பது, நாற்பது அடி மேலே உள்ள திட்டு தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மேலும், மலை ஓடையில் நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே பெய்த மழையால் வெள்ளம் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்களின் உயிரைப் பறித்தது அப்படிப்பட்ட திடீர் வெள்ளம். காய்ந்து கிடக்கும் ஓடை மணல் படுப்பதற்கு அழைப்பது போலவே இருக்கும். அதை நம்பக் கூடாது.

அடுத்து மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும், தைலமரத் தோப்பும் வேண்டாம். தைலமரம் காற்றில்லாத இரவிலும் கிளை உதிர்க்கும். பாறைக் குடைவு கண்டால் மனம் உடனே அங்கே போகும். ஆனால் கரடியின் மயிரோ சாணமோ கிடக்கிறதா, மேலே மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். இடி இடிக்கும்போது ஆழமில்லாத பாறைக் குடைவின் வாயில் உட்காருவது ஆபத்து. பாறையில் இறங்கும் மின்னல், குடைவின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புக்குத் தாவும்போது நடுவில் இருப்பவர் வழியாகப் போகும்.

விலங்குகளைப் பற்றி ஒரே விதிதான் சொல்வேன்: அவற்றின் பாதையில் படுக்கக் கூடாது. சோலைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரம், நீர்நிலைக்கு இறங்கும் தேய்ந்த தடம், புதிய யானை லத்தியோ காட்டுமாட்டுச் சாணமோ கிடக்கும் இடம் ஆகிய மூன்றையும் விட்டு விலகினால் பெரும்பாலான சந்திப்புகள் தவிர்ந்துவிடும். பெரிய பாறைகள் நெருங்கிக் கிடக்கும் சரிவில் யானை எளிதில் ஏறாது என்பதால் அத்தகைய இடம் கிடைத்தால் நல்லது.

தரை

மரத்தில் கயிறு கட்டிக் கூரை போடுவதற்கு முன்பாகவே சருகு சேர்க்கத் தொடங்க வேண்டும், மழை தூறத் தொடங்கினால் மட்டும் வரிசை மாறும். மேல்பரப்புச் சருகு நனைந்திருந்தாலும், பாறை இடுக்கிலும் சாய்ந்த மரத்தின் அடியிலும் உலர்ந்தது கிடைக்கும். கையால் அள்ளக் கூடாது. ஒரு குச்சியால் கிளறி, தேளும் பூரானும் ஓட நேரம் கொடுத்து, பிறகு சாக்கின் வாயைத் தரையோடு பிடித்துக் காலால் உள்ளே தள்ள வேண்டும். சாக்கு உப்பி வட்டமாக வரும்வரை அடைத்து வாயைக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தால் பாதியாக அமுங்கும். அமுங்கிய பிறகும் ஒரு சாண் உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முறை அடைக்க வேண்டும். சருகே இல்லாத புல்வெளியில் போதைப்புல் என்று மலையில் சொல்லும் உயரமான புல் காய்ந்து நிற்கும், அதை ஒடித்து அடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் முதுகுப்பை, கயிற்றுச் சுருள், செருப்பு, காலியான தண்ணீர்ப் பாட்டில் என எது இருக்கிறதோ அது உடம்புக்கும் மண்ணுக்கும் இடையே போக வேண்டும்.

சாக்கு இரண்டே இருந்து ஆள் மூவர் என்றால் படுப்பதை மறந்துவிட்டு உட்கார்ந்தே கழிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தரையைத் தொடும் பரப்பு படுத்திருப்பவருடையதில் சிறு பங்குதான்.

கூரை

இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, அதன்மேல் தாளைப் போட்டு இருபுறமும் இறக்கும் முறைதான் எளியது. எல்லோரும் செய்யும் பிழை, கயிற்றை நெஞ்சுயரத்தில் கட்டுவது. நம் தாளின் அகலம் 2 மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டர் வரும். கயிறு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து 80 சென்டிமீட்டர் விரிந்து தரையைத் தொடும், உள்ளே 1.6 மீட்டர் அகலம் கிடைக்கும், இருவர் ஒட்டிப் படுக்கலாம். தவழ்ந்துதான் நுழைய வேண்டும், நிமிர்ந்து உட்கார முடியாது. ஆனால் காற்று உள்ளே புகாது, தாளும் படபடக்காது. முழங்காலுக்குச் சற்று மேலே என்று நினைவில் வைத்துக்கொண்டால் அளவுகோல் தேவையில்லை.

கயிறு தொய்ந்தால் தாளில் நீர் தேங்கும். லாரியில் சரக்கை மூடித் தார்ப்பாயை இறுக்குவார்களே, அந்தக் கட்டுதான் இங்கே வேண்டும். கயிற்றின் ஒரு முனையை முதல் மரத்தில் சாதாரணமாக முடிந்துவிட்டு, இரண்டாவது மரத்துக்கு ஒரு முழம் முன்னால் கயிற்றை மடித்து முறுக்கி ஒரு கண் உண்டாக்க வேண்டும். மீதிக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் விட்டு, மரத்தை நோக்கித் திருப்பி இழுத்தால், கயிறு வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கும். இழுத்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்தபடி, நுனியை மடித்து ஒரு சுருக்குப் போட்டால் காலையில் ஒரே இழுப்பில் அவிழும்.

பாலித்தீன் தாளில் ஓட்டைக் கண்கள் இருக்காது. கத்தியால் ஓட்டை போட்டால் அங்கிருந்தே கிழியத் தொடங்கும். நெல்லிக்காய் அளவுக் கூழாங்கல்லை மூலையிலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி வைத்து, தாளால் அதைப் பொட்டலம்போல் மூடி, கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிய வேண்டும். இழுக்க இழுக்க முடிச்சு கல்லின்மேல் இறுகுமே தவிரத் தாள் கிழியாது. மூலை நான்குக்கும், நீளவாக்கில் நடுவில் இரண்டுக்கும் இப்படிச் செய்து, முளைக்குப் பதிலாகத் தலையளவுக் கற்களில் சுற்றிவிட்டால் போதும். காற்று வரும் பக்கத்து ஓரத்தை மட்டும் கல்லால் வரிசையாக அழுத்தி இடைவெளியே இல்லாமல் மூட வேண்டும். மறுபக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் தாளின் உட்புறத்தில் வேர்த்து முகத்திலேயே சொட்டும்.

மழையில் இன்னொரு தொல்லை உண்டு. மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரைக்குள் வந்து, நடுவில் சரியாக நம் நெற்றிக்கு நேராகச் சொட்டும். தாளின் விளிம்புக்கு வெளியே இரண்டு பக்கமும் கயிற்றில் கைக்குட்டைத் துண்டையோ காலணிக் கயிற்றையோ கட்டித் தொங்கவிட்டால், ஓடிவரும் நீர் அங்கே திரும்பிக் கீழே இறங்கிவிடும்.

மரம் ஒன்றுதான் இருக்கிறதென்றால் கயிற்றின் மறுமுனையைத் தரையில் பெரிய கல்லில் கட்டி, வாய் உயர்ந்து கால்மாடு தாழ்ந்த கூரையாக அமைக்கலாம். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் கையில் மூங்கில் தடி இருக்கும். அதை ஊன்றி, உச்சியில் கயிற்றை இருமுறை சுற்றி, இருபுறமும் கல்லில் இழுத்துக் கட்டினால் மரத்துக்குப் பதிலாகும்.

மரமே இல்லாத புல்வெளியில் கூரை கட்ட முயலவே வேண்டாம். பாறையின் மறைவில் பைகளின்மேல் நெருங்கி உட்கார்ந்து, எல்லோரையும் சேர்த்துத் தாளால் முதுகோடு மூடி, ஓரங்களை உட்காரும் இடத்துக்கு அடியில் செருகி, தலைக்கு மேல் இருக்கும் தாளை அவரவர் குல்லாவே தாங்குமாறு விட்டுவிடலாம். மூச்சுச் சூட்டிலேயே உள்ளே வெதுவெதுப்பு ஏறும். ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு பயிற்றுவித்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி இதே கருத்தில் வடிவமைத்த கூடாரப்பையை ஐரோப்பிய மலையேறிகள் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். காற்றுக்கு ஒரு வழி மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாலித்தீன் பையைத் தலைவழியே முகம் மறைய மாட்டிக்கொள்வதோ, உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவதோ கூடாது.

பளபளப்புத் தாள்

அலுமினியத் தாள் போர்வை 1964-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவானது. பன்னிரண்டு மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தின்மேல் அலுமினிய ஆவி படிய வைத்தது. எடை ஐம்பது கிராம்தான். உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தின் பெரும்பகுதியை அது திருப்பிவிடும். ஆனால் உடம்புக்கும் தாளுக்கும் இடையே காற்று இருந்தால்தான். ஆகவே சட்டைக்கு மேலே தளர்வாகச் சுற்றி, அதற்கும் மேலே மழையங்கி போட வேண்டும். வெளியே போர்த்தினால் காற்றில் படபடத்து, ஒரு முள் பட்டவுடன் நுனி முதல் அடி வரை கிழிந்துபோகும். வெள்ளிப்பக்கம் உள்ளேயா, பொன்பக்கம் உள்ளேயா என்று குழம்ப வேண்டாம். வெப்பத்தைப் பொறுத்தவரை சொல்லும்படியான வேறுபாடு இல்லை, பொன்பக்கம் வெளியே இருந்தால் தொலைவில் நன்றாகத் தெரியும். நெருப்புக்கு இது கவசமாகாது. பாலித்தீனைப் போலவே இதுவும் உருகி உடலில் ஒட்டும்.

நெருப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வனப்பகுதியில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்லில் தீ சரிவின்மேல் ஏறும் வேகத்துக்கு எந்த மனிதனும் ஓட முடியாது. மழைக்காலத்தில் தீ பற்றவே பற்றாது. இரண்டு காலத்திலும் அந்த நேரத்தைச் சருகு சேர்ப்பதில் செலவிட்டால் பலன் கூடுதல்.

இரவு

கூரைக்குள் நுழைந்தவுடன் செய்ய வேண்டியது நனைந்த பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போடுவது. குளிருகிறதே என்று தயங்குவார்கள். அரை நிமிடக் குளிர் அது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டியிருக்கும்வரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாற்றுத்துணி இல்லையென்றால் நனைந்ததை முறுக்கிப் பிழிந்து போட்டு, சட்டைக்குள் நெஞ்சிலும் முதுகிலும் உலர்ந்த புல்லோ, பொட்டலம் கட்டிய செய்தித்தாளோ திணிக்கலாம். காலணியைத் தளர்த்த வேண்டும், கழற்றினால் சாக்குக்குள் வைக்க வேண்டும். அட்டைகள் உள்ள சோலையில் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, விளிம்பில் மூக்குப்பொடியோ உப்போ தடவினால் ஓரளவு தடுக்கும்; கடித்தாலும் அட்டை இரத்தம் குடிக்கும், உயிரைக் குடிக்காது.

குளிரும்போதெல்லாம் ஒரு கடலை மிட்டாயும் சிறிது தண்ணீரும் கொடுக்கலாம். மதுவைத் தொடக் கூடாது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடு ஏறுவதுபோல் தோன்றி, உள்ளேயிருப்பது வெளியே போய்விடும். கூட இருப்பவரோடு அரை மணிக்கு ஒருமுறை பேச வேண்டும். நடுங்குகிறவரின் உடம்பு இன்னும் குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; ஆனால் அவரைக் கவனிக்காமல் விடக் கூடாது. நாக்குக் குழறுவது, பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது, கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வருவது, இன்னும் குளிரும்போதே நடுக்கம் நின்றுபோவது ஆகியவை தெரிந்தால் அவரை நடுவில் போட்டு இருபுறமும் அணைத்துக்கொள்ள வேண்டும். கை கால்களைத் தேய்த்துவிடக் கூடாது. எழுப்பி நடக்க வைக்கவும் கூடாது.

தேடுகிறவர்களுக்கு நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதுவது பல நாட்டு மலைகளில் வழங்கும் ஆபத்துக் குறி. டார்ச்சையும் அதே கணக்கில் அணைத்து ஏற்றலாம். பதிலாக மூன்று ஒலி வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். தொண்டை கிழியக் கத்துவதைவிட விசில் வெகுதூரம் போகும்.

விடிந்த பிறகு

வெளிச்சம் வந்தவுடன் புறப்படும் ஆவல் எழும். வெயில் உடம்பில் படும்வரை காத்திருந்து, விறைத்த கால்களை நீவி, காலணிகளைக் கவிழ்த்துத் தட்டி மாட்டிய பிறகே இறங்க வேண்டும். வழி தெரியாத நிலை நீடித்தால் விரிப்பைப் பாறைமேல் பரப்பிக் கல் வைத்துவிட்டு அங்கேயே இருப்பது தேடுகிறவர்களுக்கு உதவும். சாக்கிலிருந்த சருகை எடுத்த இடத்திலேயே கொட்டிப் பரப்பிவிட்டு, தாளின் கிழிசல் துண்டுகள் வரை பொறுக்கி எடுத்து வர வேண்டும். வீட்டில் தாளைக் கழுவி உலர்த்தி, முன்பு மடித்த மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்காது. பளபளப்புத் தாளை மட்டும் திரும்பப் பயன்படுத்த எண்ணாமல் புதிதாக ஒன்று வாங்கிவைக்க வேண்டும்.

புதர்ப்பகுதியிலும் சருகிலும் படுத்தெழுந்தவருக்கு, மூன்று வாரங்களுக்குள் தலைவலியோடு காய்ச்சல் வந்தால் அதை வெறும் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிற்றுண்ணிகளின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் உண்டு. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, காட்டில் தரையில் இரவைக் கழித்த செய்தியை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்திலேயே தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும் நோய் அது.